கிச்சிலிச் சம்பாவின் பெயர்

அன்புள்ள தோழி,

இன்று காலை தஞ்சாவூர் அரிசிக்கடையில் ஒரு மூட்டை மேல் ‘கிச்சிலிச் சம்பா’ என்று அட்டை செருகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னக்கா சிரிக்கிறீங்க?” என்றார் கடைக்காரர். என்ன சொல்வது அவரிடம்?

மதவெறி எப்படி ஒருவனைப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்று ஆராய, பூதலூருக்கும் நீடாமங்கலத்துக்கும் நாம் பஸ்ஸில் அலைந்தோமே, அந்த நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில் நம்மிடம் பேசியவர்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் நெல்லின் பெயர் வைத்தாய். “நம்பர் போட்டா போதாதாடி?” என்று எரிந்து விழுந்தேன். “நம்பர் போட்டா கைதி மாதிரி இருக்கும். நெல்லுன்னா எந்த மதம்னு எவனுக்கும் தெரியாது” என்றாய். உன் கிறுக்குத்தனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கிச்சிலி, அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். ஒரு வெறிக் கூட்டத்தில் சேர்ந்து, பக்கத்துத் தெருவில் வேறு மதத்தார் கடைகளில் யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியவன். நீ அவனோடு ஒருநாளும் வாதாடவில்லை. ஏழு தடவை போனாய். “யார் யார் வீட்டுல சாப்பிடறத நிறுத்துனீங்க?” என்று மட்டும் கேட்டாய். ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சேர்ந்தது. ஏழாவது தடவை, கூடப் படித்தவனின் பெயரைச் சொல்லிவிட்டு உடைந்து அழுதான். அதோடு அந்தக் கூட்டத்தை விட்டு விலகினான். தன் பேர் வெளியே வந்தால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று நடுங்கினான்.

நம்மை அனுப்பிய ஆய்வுக் குழு உண்மைப் பெயர்களைக் கேட்டபோது நீ மறுத்தாய். “பேரச் சொல்லிட்டா இனிமே எவன் நம்மகிட்ட வாயத் தொறப்பான்?” என்றாய். ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் உன்னிடம் நான் பேசவில்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். இதை உன்னிடம் நேரில் சொல்லாமலே விட்டது இன்னும் உறுத்துகிறது.

நீ கண்ணை மூடிய பிறகும் உன் வேலையை நான் விடவில்லை; ஊர் ஊராகப் போய் நோட்டில் உள்ளதைப் படித்துக் காட்டுகிறேன். அந்த மெஷின்காரரும் என்னோடு வருகிறார். தான் யாரென்று மட்டும் எங்கும் சொன்னதில்லை.

போன வாரம் திருவையாற்றில் ஆசிரியர்களுக்குக் கிச்சிலியின் கதையைப் படித்துக் காட்டினேன். ஒருவர் எழுந்து, “மேடம், அந்தக் கிச்சிலி எந்த மதம்?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

“நான்தாங்க அது.” தன் பெயரையும் ஊரையும் சொன்னார். “அவங்க கடைசிவரைக்கும் என் பேரச் சொல்லல. அதனாலதான் இன்னைக்கு நானே சொல்லிக்க முடியுது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லையடி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து, கிச்சிலிக்குப் பக்கத்தில் அவர் பெயரை அவரையே எழுதச் சொன்னேன்.

மற்றவர்கள் இன்னும் நெல்லாகத்தான் இருக்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.