நடு ஸ்பீக்கர் இல்லாமல் பார்த்த படம்

அன்புள்ள திருகாணிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமாக இல்லை என்று உன் அம்மா சொல்லிவிட்டாள், அதுவும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. என் போன் வந்தால் நீ குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாயாம், மணி நின்ற பிறகுதான் வெளியே வருகிறாயாம். அதனால்தான் கடிதம். காகிதத்துக்குக் குரல் கிடையாது, தைரியமாகப் படிக்கலாம். கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், அதற்குப் பயப்படாதே, ஒயருக்கு ஈயம் உருக்கிச் சால்டரிங் வைக்கும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன், பேனா பிடிக்க வரவில்லை. அறை மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது ஒரு லாண்டரிக்கு மேல்மாடி, தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கிறது, கீழே மெஷின் சுற்றினால் மேசையில் டம்ளர் தானாக நகர்கிறது. முன்பென்றால் கைகொட்டிச் சிரித்திருப்பாய், இப்போது இதற்கும் பயப்படுவாயோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. சிநேகிதியின் பிறந்தநாளுக்கு எல்லாரும் அந்தப் பேய்ப் படத்துக்குப் போகிறார்கள், நானும் போகட்டுமா என்று நீ அம்மாவிடம் கேட்டாய். உன் பெரிய மாமா, ‘பதிமூணு வயசுல பேய்ப் படம் என்ன வேண்டிக் கிடக்கு, கணக்குல வாங்கின மார்க்கைப் பாத்தாலே போதுமே’ என்றாராம். தன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அவரை எதிர்த்துப் பேச உன் அம்மாவால் முடியாது, உன் முகம் சுருங்குவதையும் பார்க்க முடியாது, ஆகவே ‘உங்கப்பாதானே சினிமாக்காரர், அவரையே கேட்டுக்கோ’ என்று என் தலையில் கட்டிவிட்டாள். நான் சினிமாக்காரன் இல்லை, தியேட்டர் தியேட்டராகப் போய் ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவன், அது அவளுக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, உன் முடியை இவ்வளவு கட்டையாக வெட்டுவது, எதற்கும் என்னைக் கேட்டதில்லை. பேய்க்கு மட்டும் அப்பாவின் சம்மதம் தேவைப்பட்டது. எரிச்சல்தான், ஆனாலும் கேட்டார்களே என்று ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது. உன் மாமா வேண்டாம் என்றதாலேயே எனக்குள் பாதிச் சம்மதம் விழுந்துவிட்டது. அவர் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் மேற்கே போய் நின்று பார்க்கிற ஆள் நான்.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லவில்லை. நான் வேலை செய்துகொண்டிருந்த தியேட்டருக்கே அந்தப் படம் வந்தது, காலையில் முதல் காட்சிக்கு முன்னால் விளக்கெல்லாம் எரிய முழுப் படத்தையும் ஓட்டச் சொன்னேன். ஒன்றைப் புரிந்துகொள். தியேட்டரில் ஆட்கள் பேசுகிற பேச்சு திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வரும், கதவு தட்டுவது, காற்று, காலடி எல்லாம் சுற்றுச் சுவர்களிலிருந்து வரும், வயிற்றைக் கலக்குகிற உறுமல் கீழே இருக்கிற பெரிய பெட்டியிலிருந்து வரும். அன்று நடு ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருந்தேன். சோதிக்க வேண்டியது சுவர்களையும் பெட்டியையும், பேச்சு எனக்கு எதற்கு. படம் ஓட்டுகிற ஆபரேட்டர் தன் அறையின் சின்ன ஜன்னலில் தலையை நீட்டி, ‘என்ன சார், ஆளாளுக்கு வாயை மட்டும் திறந்து மூடுறாங்க, பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி’ என்றார். நாற்காலிகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பெட்டி உறுமியபோது மட்டும் ‘அதைக் கொஞ்சம் அடக்குப்பா, காது வலிக்குது’ என்றார். ரத்தம் இல்லை, அசிங்கம் இல்லை. ஒரு வீடு, ஒரு சிறுமி, அவள் காதில் ஒரு போன், சுற்றிலும் தடதடவென்று சத்தம். அவ்வளவுதான் படம் என்று முடிவு கட்டி, ‘பாக்கலாம், வெறும் சத்தம், பயமா இருந்தா காதைப் பொத்திக்கோ’ என்று உனக்கு அனுப்பினேன். நான் பார்த்ததே காதைப் பொத்திக்கொண்டுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

நீ படம் பார்த்துவிட்டு வந்த பிறகு என் போனை எடுக்கவில்லை. உன் அம்மாதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து அவளிடம் கத்தினேன், கொஞ்சநஞ்சமில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவள் நிதானமாக, ‘படத்தைப் பாத்துட்டுத்தானே சரின்னீங்க? அந்தப் பொண்ணுக்கு யாரு போன் பண்றாங்கன்னு தெரியாதா?’ என்றாள். யாரோ சிநேகிதி என்று நினைத்திருந்தேன். மறுநாள், ஆம்ப்ளிஃபயரை நான் எப்போதோ மாட்டிவிட்டிருந்த அதே தியேட்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு உட்கார்ந்தேன். தூரத்தில் வேலைக்குப் போன அப்பா தினமும் போனில் பேசுகிறார். நல்ல குரல், கோபமே வராத குரல். ‘சாப்பிட்டியா கண்ணு, இந்த வாரம் கண்டிப்பா வந்துடறேன்’ என்கிறார். வரவே மாட்டார், ஏனென்றால் அப்பா எப்போதோ செத்துப்போய்விட்டார், அவருடைய குரலை வேறு ஏதோ ஒன்று சட்டை மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. நேரில் பார்த்து வெகுகாலம் ஆனதால் அந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பின்வரிசையில் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் கண்டிப்பாக வந்துவிடுகிறேன் என்பது என் வசனம். ஒரு சொல் மாற்றாமல் பேய் பேசுகிறது, அதுவும் நானே சரிசெய்து மாட்டிய ஸ்பீக்கரில், அத்தனை தெளிவாக.

இப்போது உன் மாமா ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறாராம். நடக்கட்டும், உடம்புக்கு நல்லது. இனிமேல் காலேஜ் போகும்வரை உனக்குப் பயமுறுத்துகிற படமே கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்களாம். இதற்கு என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சம்மதிக்கவும் மாட்டேன். படத்தைத் தடுத்து என்ன ஆகப்போகிறது. போனில் பேசுகிற ஆள் நிஜந்தானா என்ற சந்தேகம் உனக்கு முன்பே இருந்திருக்கிறது, படம் அதற்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். சந்தேகத்தை உண்டாக்கியது படம் இல்லை, நான். உன் அம்மாவுக்கும் பங்கு உண்டு, நீ பேசுகிற சத்தம் பின்னால் கேட்கும்போதே ‘அவ தூங்கிட்டா’ என்று எத்தனை தடவை போனை வைத்திருக்கிறாள், எனக்குக் காது இல்லையா. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் சண்டைக்காகவும்தான். அவளிடம் காட்டினாலும் காட்டு. அடுத்த பேய்ப் படத்துக்கு நீ மறுபடி என்னையே கேள், இந்த முறை பேச்சையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஒரு புத்திமதி. குரலை வைத்து என்னைக் கண்டுபிடிக்காதே. படத்தில் வருகிற குரல் பிறந்தநாளை மறக்காது, ‘இரு, வேற கால் வருது’ என்று பாதியில் வெட்டாது, கணக்கு மார்க்கைக் கேட்டுப் பல்லைக் கடிக்காது. நான் இதெல்லாம் செய்கிறவன். இருபத்திரண்டு வயதில் அப்பா ஆனவன், தேன் தடவிப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள். ஆகவே போனில் யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் வைத்துவிடு, அது நானில்லை. ‘சீக்கிரம் சொல்லு, வேலை கிடக்கு’ என்று சிடுசிடுத்தால் அது சாட்சாத் உன் அப்பன்தான். பெற்ற பெண்ணுக்குக் கொடுக்க இப்படி ஓர் அடையாளம்தான் கையில் இருக்கிறது என்பது கசக்கத்தான் செய்கிறது.

மனசு வருகிறவரை போனை எடுக்க வேண்டாம், கோபமில்லை, நானும் போன் அடிக்க மாட்டேன். இந்த வாரம் வருகிறேன் என்றும் எழுத மாட்டேன். அந்த வசனத்தைப் பேய் எடுத்துக்கொண்டது, அதுவே வைத்துக்கொள்ளட்டும். மற்றபடி இங்கே செய்தி ஒன்றும் இல்லை. புதுப் படம் வருகிற நேரத்தில் தியேட்டர் வேலையை ஆபரேட்டரிடம் ஒப்படைத்தேன் என்று மேனேஜர் காட்டுக் கத்தல் கத்தினார், ‘இப்ப எங்கய்யா போற’ என்றார். அறைச் சாவி லாண்டரிக்காரரிடம் இருக்கிறது.

நேரத்துக்குத் தூங்கு, விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினாலும் பரவாயில்லை, மாமா மின்கட்டணம் என்று முனகினால் முனகட்டும். எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இரு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நீ இழுத்து இழுத்துப் போட்டதில் குளியலறைத் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டுவிட்டதாக அம்மா சொன்னாள். உள்ளே மாட்டிக்கொள்ளப் போகிறாய், கதவைச் சும்மா சாத்திவை. தச்சரைக் கூப்பிட வேண்டாம், மாமாவும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. டூல் பை என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சிடுமூஞ்சி அப்பா