வெள்ளவத்தையில் வாய் வராத சனிக்கிழமை

ஜூன் 11, புதன்

விடியவே மழை. தோட்டத்தில் ரப்பர் மரம் நனைந்துவிட்டதால் பால் வெட்டு இல்லை, அம்மா வீட்டில். தோட்டத்துக் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்தி மகள் ரேவதி (இனி ரே.) போன் பண்ணினாள். கொழும்பில் தையல் வேலை அவளுக்கு. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை வாசலில் ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். வேலை கிடைத்தால் அவளுடைய அறையிலேயே தங்கலாம். "சனிக்கிழம வந்து மொதலாளியம்மாவப் பாருடி. கடைக்குப் பின்னால கடல் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

இருபது வயது எனக்கு. தெஹியோவிட்டயில் பஸ் ஏறினால் ஒரு காலைக்குள் போய்விடலாம், ஆனாலும் கொழும்பு பார்த்ததில்லை. போனில்தான். இரவில் தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் கடற்கரையில் இறால் வடை, குடைக்குள் ஜோடிகள். பார்த்துவிட்டுப் படுத்தால் அந்த ஊரில் நான் நடப்பேன். எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

சொன்னேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

"அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"ரேவதி இருக்கால்ல."

"அவளும் சின்னப் பிள்ளதானே. ஒண்ணு ஆச்சுன்னா யாருகிட்டப் போய் நிப்பீங்க?"

என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு எட்டு வயதில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். தன் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் படுத்துக் கிடந்தாளாம். இப்போது காலம் அப்படி இல்லை, அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் தமிழ் ஆள் என்று தெரியக்கூடாதென்று, ரோட்டில் இறங்குமுன் என் பொட்டையும் எடுப்பாள், தன் பொட்டையும் எடுப்பாள். பஸ் ஏறிவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசுவோம். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான். தமிழ் தோட்டத்து வாசலோடு சரி.

கடைசியில் சம்மதித்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கொண்டு போக: அடையாள அட்டை. ஓ.எல். சான்றிதழ். குடை. ரே.வுக்கு மாசிச் சம்பல்.

ஜூன் 14, சனி

போய் வந்தாயிற்று. கால் வலி. தலைவலி.

இருட்டோடு பஸ், அவிசாவளையில் மாற்றம், வழியெல்லாம் தூறல். எங்கே போகிறாய் நங்கி, தங்கச்சி, என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். கொழும்பு என்று சொல்லும்போதே சந்தோஷம்.

ஊர் வந்தது. முதலில் புகை, பிறகு ஹாரன் சத்தம், பிறகு தூரத்தில் கோபுரம். பகலில், விளக்கில்லாமல். இருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை சனமும் எங்கேதான் போகிறது? பையை விடவே இல்லை.

ரே. பஸ்ஸடிக்கு வந்து, கடை வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா? செக்யூரிட்டி திறந்துவிட்டார். இரண்டு சிங்களப் பெண்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் முதலாளியம்மா, நெற்றியில் பெரிய பொட்டு. பார்த்தேன். பார்த்தும் என் வாயில் வந்தது சிங்களம். வேலைக்கு வந்தேன் என்றேன். அவரும் சிங்களத்திலேயே பெயர் கேட்டார். நிரோஷா. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிற பெயர். ஊர் கேட்டார், படிப்பு கேட்டார், சொன்னேன்.

பிறகு துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் என் முன்னாலேயே தமிழில் சொன்னார். யாழ்ப்பாணப் பேச்சு.

"நல்ல பிள்ளை மாதிரித்தான் கிடக்கு. ஆனா தமிழ் தெரியாது போல. எங்களுக்கு ரெண்டும் தெரிஞ்ச ஆள்தானே வேணும். அனுப்பிவிடும்."

எனக்குத் தெரியுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை. செக்யூரிட்டி என்னையே பார்ப்பது போல, அந்த இரண்டு பெண்களும் திரும்பிவிடுவார்கள் போல. இடமில்லை நங்கி என்று அந்தப் பெண் சிங்களத்தில் சொன்னாள். நன்றி சொன்னேன். அதையும் சிங்களத்தில்.

கடைக்குப் பின்னால் ரோடு, ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். அவ்வளவு தண்ணீரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அழகுதான், ஆனால் கிட்டப் போகப் பயம். பொட்டு வைத்த மூன்று பெண்கள் வடை தின்றுகொண்டு, தமிழில் கத்திச் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. பொறாமையில் எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

ஆள் எடுத்தாச்சாம் என்று அம்மாவிடம் பொய். "நல்லதாப் போச்சு" என்று முட்டை பொரித்துத் தந்தாள். ரே.விடமும் அதே பொய். அவள் விடுகிற ஆளா? சாயந்தரம் கடை வாசலுக்கே போய் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நோட்டீஸ் அப்படியே இருக்கிறது, கீழே போன் நம்பரும்.

அம்மா மேல் கோபம். பிறகு என் மேல் கோபம்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி மழை. அம்மாவும் நானும் தெஹியோவிட்டக்குச் சாமான் வாங்கப் போனோம். பஸ் வருமுன் அம்மாவுக்குத் தெரியாமல் வெள்ளவத்தைக் கடைக்குப் போன் எடுத்தேன். யாரும் தூக்கவில்லை. பாதி நிம்மதி, உண்மையைச் சொன்னால்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்போது போன் அடித்தது. கடை நம்பர், முதலாளியம்மா குரல்.

"ஆர் கதைக்கிறது? இந்த நம்பரில இருந்து கோல் வந்திருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். வைத்துவிட்டால் அத்தோடு கொழும்பு முடிந்தது.

"மேடம், நான் சனிக்கிழம வந்த நிரோஷாங்க. எனக்குத் தமிழ் தெரியுங்க. எங்க வீட்டுல தமிழ்தாங்க."

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்கு வாய் திறக்கேல்ல?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்னைப் பாத்தோ?"

"இல்லைங்க. எல்லாரையும் பாத்து."

லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"கேக்குது. திங்கக்கிழமை வாரும். உடுப்பும் கொண்டு வாரும்."

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. என் காதோடு வாயை வைத்து, "கத்தாத பிள்ள, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.