வெந்ததா, வேகவில்லையா

அன்பு மகள் சுண்டெலிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் சித்தி நலம், போன மாதம் வாங்கிய ஓவன் மட்டும் என்னைக் கண்டாலே நடுங்குகிறது. அங்கே நீ சுகம்தானே, சளி விட்டதா? நீ அனுப்பிய முட்டைச் செய்முறையின் தலையில் ‘ரொம்ப ஈஸி’ என்று போட்டிருந்தாய் பார், அந்த இரண்டு வார்த்தைக்காக உன்மேல் வழக்குப் போட வக்கீல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைக் கேள். உன் சித்திக்கு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருடத் தலைமை நர்ஸ் பயிற்சி, மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது, திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும், அவளோ இந்த முறையும் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், உங்கள யாருங்க பாத்துக்கறது, வெந்நீர் வைக்கச் சொன்னா அதையே தீய்ச்சு வைக்கிற ஆளு நீங்க என்கிறாள். எமனே கைவிட்ட கடிகாரங்களை ஓடவைத்த கை இது, கேவலம் ஒரு கோழிமுட்டைக்கா தோற்கும் என்று மார்தட்டி, ஞாயிறு டியூட்டி முடிந்து பதினோரு மணிக்கு வா, காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ராஜவிருந்து காத்திருக்கும் என்று அறிவித்தேன். பாக்கலாம் பாக்கலாம் என்றாள். அதில் ஒன்பது டன் கேலி இருந்தது.

ஞாயிறு ஏழு மணிக்கே களத்தில் இறங்கினேன். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, வதக்கிய தக்காளியைப் பரப்பி, குழி செய்து முட்டைகளை உடைத்து ஊற்றி, சீஸ் துருவி உள்ளே தள்ளினேன். பன்னிரண்டு நிமிடம் என்றிருந்தாய். ஓடுகிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தே முப்பது வருடம் பிழைத்தவன், ஒரு கதவை மூடிவிட்டு எப்படிச் சும்மா இருப்பேன்? நிமிடத்துக்கொரு தரம் திறந்து, கண்ணில் கடிகாரம் பார்க்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அரை மணி ஆகியும் முட்டை அப்போதுதான் குளித்துக் கரையேறியது போலவே இருந்தது. போதாததற்கு, வெள்ளை கெட்டியாகணும், மஞ்சள் ஆடணும் என்று எழுதியிருக்கிறாய். ஆடுவதை எல்லாம் இறுக்குவதுதானே என் தொழில், ஆடினால் அது வெந்ததா, வேகவில்லையா? தலை சுற்றியது. கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன், இத்தன தடவ தொறந்தா உள்ள சூடு எங்கண்ணே நிக்கும், வெந்தது நாமதான் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது தடவை, மறுபடி திறந்துவிடுவேனோ என்று பயந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன், வந்து பார்த்தால் அதை வைத்து வண்டிக்கு டயர் போடலாம். மூன்றாவது, எப்படி வந்ததென்று சத்தியமாகத் தெரியாது, நீ சொன்ன மாதிரியே வந்துவிட்டது, வெள்ளை நின்றது, மஞ்சள் ஆடியது.

அங்கேதான் குழப்பமே. மேஜைமேல் முதல் பாத்திரமும் இருக்கிறது, மூன்றாவதும் இருக்கிறது. முதலாவதைக் கொடுத்தால் சிரித்துவிட்டு இங்கேயே இருந்துவிடுவாள். மூன்றாவதைக் கொடுத்தால் கிளம்பிவிடுவாள். உன்னிடம் மறைப்பானேன், கை முதலாவதைத்தான் எடுத்தது. அதற்குள் கதவைத் திறந்து வந்தவள், வீங்கின காலை ஷூவிலிருந்து இழுத்தெடுத்துக்கொண்டே, நல்ல வாசனங்க என்றாள். அவ்வளவுதான், மூன்றாவதை வைத்துவிட்டேன். சாப்பிட்டு, ரொட்டியால் வழித்து, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அந்தப் பதிலைக் கிழித்து வேறு எழுதினாள். எழுதும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, பத்து வயது குறைந்திருந்தது. நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்னும் விளங்கவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், நூறு வருடம் என்னையே கேலி செய்துகொண்டு வாழ வேண்டும் என்பது என் ஆசி. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ஒரு விஷயம், மறந்துவிடாதே: நீ அனுப்பியது நாலு பேருக்கான அளவு. சித்தி ஒன்றாம் தேதி கிளம்புகிறாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று அதற்குள் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா