அம்மா தவறவிட்ட தேதி

செப்டம்பர் 21

மாண்புமிகு அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: ஆறு வாரமாகத் தலைமறைவாக இருந்த என் இடதுகால் சாக்ஸ் நேற்று மாலை பீரோவுக்குப் பின்னால் சரணடைந்தது. விசாரணை நடக்கிறது.

அடுத்தது சின்னச் செய்தி. என் கவனச்சிதறலுக்கு, அதாவது ஏ.டி.எச்.டி.க்கு, போடும் மாத்திரைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் காட்ட வேண்டுமே, அது அமோகமாக முடிந்தது. மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். டாக்டர் நம்பாமல் எடை மெஷினைத் தட்டிப் பார்த்தார். அதே மாத்திரை, அதே அளவு. நீ தீயணைப்புப் பயிற்சியில் ஏணி ஏறுகிறாய், நான் எடை ஏறுகிறேன். குடும்பமே உயர்கிறது.

முகாமில் உங்கள் போனைப் பிடுங்கி வைத்ததற்கு நன்றி. இல்லாவிட்டால் என் எழுத்துத் திறமை வீணாகியிருக்கும்.

அம்மா நலம்.

உன் ஒரே தம்பி
(மாற்றித் தரப்படமாட்டாது)

செப்டம்பர் 26

டேய் வாலு,

கையெல்லாம் கொப்புளம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதமும் அம்மா கடிதமும் ஒரே நாளில் வந்தன.

உன் அப்பாயின்ட்மென்ட் பன்னிரண்டாம் தேதியாம். அம்மா காலண்டரில் பத்தொன்பது என்று எழுதிவிட்டாளாம். தையல் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு உன்னைக் கூட்டிப்போனால், போன வாரமே முடிந்துவிட்டது என்றார்களாம். இனி அடுத்த மாதம் ஒன்பதாம் தேதிதானாம். அதுவரை மாத்திரை கிடையாதாம்.

"பெத்த பிள்ளை மருந்தையே மறந்துட்டேன், எனக்குத் தலையில என்னமோ ஆகுதுடி" என்று எழுதியிருக்கிறாள். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறாளாம்.

அப்படியென்றால் மெஷினைத் தட்டிய டாக்டர் யாருடா?

திட்டவில்லை. மாத்திரை இல்லாமல் எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? உண்மையை எழுது.

அக்கா

அக்டோபர் 1

அக்கா,

அந்த டாக்டர் என் சொந்தத் தயாரிப்பு.

போன தடவை இரண்டு கிலோ குறைந்திருந்தேன். மாத்திரை போட்டால் மத்தியானம் பசிக்காது, சாப்பாட்டை நண்பர்களுக்குத் தானம் செய்துவிடுவேன். இன்னும் குறைந்தால் மாத்திரையையே மாற்ற வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மாத்திரையில்தான் கணக்குப் பரீட்சையை முதல்முறையாகக் கடைசிக் கேள்விவரை எழுதினேன். ஒரு வாரம் கிடைத்தால் யானை மாதிரி தின்று எடையை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா காலண்டரில் பென்சிலால்தானே எழுதுவாள். பன்னிரண்டில் அழித்து, பத்தொன்பதில் அவள் கையெழுத்திலேயே எழுதினேன். ரிப்போர்ட் கார்டில் பழகிய கை. அப்பாயின்ட்மென்ட் அட்டை என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

கவுன்டரில் இருந்தவரிடம் அம்மா நாலு தடவை மன்னிப்புக் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் என்னிடமும் கேட்டாள்.

பதினொரு நாளாக மாத்திரை இல்லை. வகுப்பில் இரண்டு தடவை வெளியே நிறுத்திவிட்டார்கள். அது பரவாயில்லை. நேற்று அம்மா மறதிக்கு என்று தனக்கே ஒரு டாக்டரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். "துணைக்கு நீ வர்றியாடா?" என்று கேட்டாள். அதற்குமேல் தாங்கவில்லை. நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்து, ஆண்பிள்ளையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடைசி வரி பொய், அக்கா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தையல் மெஷினில் ஊசிக்கு அடியில் வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அடி விழும், அழுகை கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையாடா?"

திட்டியிருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டேன்.

தம்பி