கிண்ணம் ஓயும்வரை

தெமட்டகொடை
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கோமளா,

நேற்று வகுப்பில் பார்த்துவிட்டு இன்று கடிதமா என்று சிரிக்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே ஏசிவிடுவாய்.

இவர் மௌத்தாகி நான் தனியானதிலிருந்து எனக்கு ராத்தூக்கம் இல்லை. வாரத்தில் நான் ஒழுங்காகத் தூங்குவது சனிக்கிழமை உன் வீட்டு ஹோலில், நாத சிகிச்சைக்கு நீ வெண்கலக் கிண்ணங்களைத் தட்ட, பாயில் படுத்திருக்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

ஒரு மாதமாக அதுவும் போயிற்று. ஒரு கிண்ணத்தின் நாதம் முழுதாக ஓய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தட்ட வேண்டும் என்று சொல்லித்தந்தவளே நீதான். இப்போது சின்னக் கிண்ணம் கூவிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தட்டிவிடுகிறாய். நான் திடுக்கிட்டு விழிக்கிறேன். நேற்று பக்கத்துப் பாயிலிருந்த சிவானியும், "அன்ரிக்கு இண்டைக்கு என்ன அவசரம்?" என்று கேட்டாள்.

எனக்கு அது அவசரமாகத் தெரியவில்லை. உனக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருக்கால் காது டொக்டரிடம் காட்டு. கோபிக்காதே.

உன்
மஸாஹிரா

பாமன்கடை
6 ஆகஸ்ட்

மஸாஹிராவுக்கு,

பதினோரு வருஷமாகக் கிண்ணம் தட்டுகிறேன். படுத்திருந்து கேட்கிற நீ எனக்குக் காது சரியில்லை என்கிறாய். சிவானியோடு வேறு கதைத்திருக்கிறாய். இது வெளியே போனால் யார் என்னிடம் வருவார்கள்? செவிடி நடத்தும் நாத சிகிச்சை என்று வெள்ளவத்தை முழுக்கச் சிரிக்கும்.

தூக்கம் வராவிட்டால் குளிசை போடு. இனி உனக்குப் பாய் விரிக்கமாட்டேன்.

கோமளவல்லி

தெமட்டகொடை
10 ஆகஸ்ட்

அன்புள்ள கோமளா,

நேற்று நான் வரவில்லை. குளிசை போட்டேன், தலை கனத்ததுதான் மிச்சம்.

ஏசியது பரவாயில்லை. முப்பது வருஷம் ஒரே கந்தோரில் வேலை செய்து உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே நான். ஆனால் அவ்வளவு எழுதியும் ஓரிடத்தில்கூட "எனக்குக் கேட்கிறது" என்று நீ எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

எனக்குப் பாய் வேண்டாம். உனக்கு எதிரே நான் உட்கார ஒரு கதிரை போடு. நாதம் ஓய்ந்ததும் நான் விரலைத் தூக்குகிறேன். அதைப் பார்த்து அடுத்ததைத் தட்டு. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள், ஒருவருக்கும் தெரியவராது. நான் தூங்காவிட்டால் பரவாயில்லை, உன் வகுப்பு நின்றுவிடக் கூடாது.

மஸாஹிரா

பாமன்கடை
23 ஆகஸ்ட், சனி பின்னேரம்

என் மஸாஹிரா,

முகத்துக்கு நேரே சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். டொக்டரிடம் போனேன். மெல்லிய ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை, போனது திரும்பாது என்றார். ஏப்ரலிலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்தது. பயத்தில் உன்மேல் பாய்ந்தேன். மன்னித்துக்கொள்.

இன்று நீ கேட்டபடியே கதிரை போட்டேன், நீ எட்டுத் தரம் விரலைத் தூக்கினாய். ஒன்பதாம் தரம் தூக்கவில்லை. ஒரு நாதம் இவ்வளவு நேரம் நிற்குமா என்று யோசித்தபடி, தட்டுகிற கட்டையும் கையுமாக உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உன் தலை சரிந்திருப்பதைக் கண்டேன். கதிரையிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாய்.

கிண்ணத்தைத் தட்டினால் எழும்பிவிடுவாய் என்று தட்டவில்லை. இருபத்தைந்து நிமிடம் சும்மா இருந்தேன். மற்றவர்களும் அசையவில்லை. எழும்பியதும் "விரல் தூக்க மறந்துட்டேனா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அது பொய்.

உன் தூக்கத்தைப் பிடுங்கி என் வகுப்பை நடத்த எனக்கு மனமில்லை. வருகிற சனிக்கிழமை எல்லோரிடமும் என் காதைப் பற்றி நானே சொல்லப் போகிறேன். போகிறவர்கள் போகட்டும். விரல் தூக்கச் சிவானியைக் கேட்டிருக்கிறேன், ஓம் என்றாள்.

நீ வா. பாய் விரித்திருக்கும்.

கோமளா