வக்கீல் நோட்டீசில் இருந்த ஒரு சொல்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்றே நினைக்கிறேன். உன் தங்கைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குப் போகிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன், முழுவதும் படி.

உன்னை விட்டு வந்த உன் பெண்டாட்டியின் வக்கீல் நோட்டீஸ் செவ்வாய்க்கிழமை நம் வீட்டு விலாசத்துக்கு வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் பெருக்கித் துடைக்கும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டினேன். விவாகரத்து என்றார், அது நான் எதிர்பார்த்ததுதான். ஒரு சொல்லில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினார். இன்செஸன்ட் என்று வாசித்தார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஓயாத, கொஞ்ச நேரம்கூட விடாதன்னு அர்த்தம்மா. மழை, வலி, நச்சரிப்பு, இதுக்கெல்லாம் போடுவாங்க. நல்லதுக்குப் போட்டு நான் பாத்ததில்ல" என்றார். ஓயாத கொடுமை என்று எழுதியிருக்கிறதாம். வக்கீல்கள் ஒன்றைப் பத்தாக்குவார்கள் என்று எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அவள் இப்போது தங்கியிருக்கும் அவள் அக்கா வீட்டுக்கே போய்விட்டேன். ஆள் பாதியாகியிருக்கிறாள். ஒரு நாள்கூடவா என் பிள்ளை உன்னிடம் நல்லபடியாக இல்லை என்று கேட்டேன். தலை நிமிராமல், "ஒரு நாள் விட்டிருந்தாக்கூட அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன் அத்தை" என்றாள். உன் அப்பாவும் முன்கோபக்காரர்தான், ஆனால் நடுவில் பத்து நாள் சிரித்துப் பேசுவார், அந்தப் பத்து நாளில்தான் மூச்சு விட்டு உங்களை வளர்த்தேன். அவளுக்கு அதுவும் இல்லை. நான் உங்களோடு வந்து தங்கியபோது, அவள் குளிக்கப் போனால் நீ கதவைத் தட்டித் தட்டி இவ்வளவு நேரம் உள்ளே என்ன வேலை என்று கேட்டதை நானே பார்த்தேன். அவள் அழுதாள். ஆம்பளைங்க அப்படித்தான், காதில் வாங்காதே என்று சொன்ன பாவி நான். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள், அவ்வளவுதான்.

எதிர்த்து வழக்காடாதே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டால் பார்த்ததைத்தான் சொல்வேன். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, இருந்தாலும் சொல்வேன். அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து மனசு விட்டுப் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு. நீ மாறி, நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நோட்டீசுக்குப் பதினைந்து நாள்தான் கெடு, மறந்துவிடாதே. அவளுக்குப் போன் மட்டும் பண்ணாதே.

இப்படிக்கு,
உன் அம்மா