பரிசு கொடுக்கப் போன இடத்தில்

17-1-1971, ஞாயிறு. சேக்காடு.

குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவில் இன்று மானம் போயிற்று. பொது அறிவுப் போட்டிக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தவன் என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். கடைசிக் கேள்வி ஒரு சின்னப் பெண்ணுக்கு. "மூவேந்தரில் வில் கொடி யாருடையது?" அவள் வாயைத் திறக்குமுன் நான் "சேரன்!" என்று கத்திவிட்டேன். மைக் என் பக்கத்திலேயே இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, பிரைசு குடுக்க வந்தியா, வாங்கிக்கினு போவ வந்தியா?" என்றார் கேள்வி கேட்டவர். கூட்டம் சிரித்தது. கேள்வி ரத்து. "எனக்குந்தான் தெரியும்" என்று அந்தப் பெண் அழுதாள். குடம் வேறு பையனுக்குப் போனது. நாளை அவள் வீட்டுக்கும் ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும்.

எல்லாம் என் வீட்டுக்காரி மரகதம் பழக்கிய வாய். எங்கள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டக் கிழிக்கும் பழைய வார இதழ்களில் கேள்வி பதில் பக்கத்தை மட்டும் எடுத்து வைப்பாள். சோறு போடும்போது கேட்பாள். "சீக்கிரம் சொல்லுய்யா, கொழம்பு ஆறுது." பதில் சொன்னால்தான் அப்பளம்.

அவள் போய் எட்டு மாதம். இன்றைய கூத்தைச் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அந்தப் பக்கங்களை இப்போது நான் எடுத்து வைக்கிறேன். கட்டு பெரிதாகிவிட்டது. ஒன்றையும் படிக்கவில்லை. முன்கூட்டிப் படித்தால் அவளுக்குப் பிடிக்காது.